பதில்: மே முதல் செப்டம்பருக்குள் 4 செ.மீ. இறக்கம், தண்டவாளம் புதைகிறதா?

சீனாவின் சிங்காய்-திபெத் ரயில்பாதையை சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படங்களில் மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் 4 செ.மீ. இறக்கம் தெரிகிறது என்கிறீர்கள். பதற வேண்டாம். அந்தப் பாதைக்குக் கீழே இருப்பது உறைமண், அதாவது அடியில் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம். அதன் மேலடுக்கு மட்டும் கோடையில் உருகி அமிழும், குளிரில் மறுபடி உறைந்து உப்பும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9% பெருக்கிறது இல்லையா, அந்த மூச்சுதான் இது.

செப்டம்பர் படத்தை அடுத்தடுத்த ஆண்டுகளின் செப்டம்பர் படங்களோடு ஒப்பிடுங்கள். அப்போதும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. அடியிலுள்ள பனி கரைகிறது என்று சந்தேகிக்கலாம்.

அப்புறம், ஒப்பீட்டுப் புள்ளியாக (அசையாதது என்று வைத்து மற்ற இடங்களின் இறக்கத்தை அளக்க உதவும் இடம்) ரயில் நிலையக் கூரையை எடுத்தது தவறு. அதுவும் அதே மண்ணில்தானே நிற்கிறது! பக்கத்தில் வெளியே தெரியும் பாறையைப் பிடியுங்கள். இன்னொன்று: செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கிறது, அதனால் அந்த 4 செ.மீ. நேர்செங்குத்து அளவல்ல.