சட்டியா, சஷ்டியா?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'பழமொழிகளின் உண்மையான பொருள்' என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது தவறாம். 'சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும்' என்பதுதான் சரியாம். என் தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. போன வாரம் ஒரு வளைகாப்பில் உறவுக்கார அத்தை ஒருவர் எல்லோர் முன்பும் இதை அவளிடம் சொல்லி, "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே இருந்தாள். பெரியவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்களா?

வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. சட்டி சட்டிதான். தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய கரண்டிதான் அகப்பை. சின்ன வயதில் நான் இன்னும் கொஞ்சம் குழம்பு என்று தட்டை நீட்டினால் அம்மா பதில் பேசமாட்டாள், சட்டியை என் பக்கம் சாய்த்துக் காட்டி அகப்பையால் அடியைச் சுரண்டுவாள், அந்தக் கரகர சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடும். அப்புறம்தான் பழமொழி வரும். கையில் காசு இல்லாதபோதும் இதைத்தான் சொல்கிறோம், படிக்காமல் பரீட்சை எழுதியவனின் மார்க்கைப் பார்த்தும் இதைத்தான் சொல்கிறோம். இதில் மறைபொருள் தேட என்ன இருக்கிறது?

பழமொழி மாறவே மாறாது என்று சொல்லமாட்டேன். முன்றுறையரையனாரின் பழமொழி நானூற்றில் 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்' என்று வருகிறது. நுணல் என்றால் தவளை. அந்தச் சொல் இப்போது பேச்சில் அவ்வளவாக இல்லை, 'தவளை தன் வாயால் கெடும்' என்கிறோம். ஆனால் பத்திரமாக ஒளிந்திருந்தது தானே கத்தி மாட்டிக்கொள்ளும் காட்சி அப்படியே இருக்கிறது. ஜனங்கள் வாயில் புழங்கி மாறினால் இப்படித்தான் மாறும். இந்தப் பட்டியல் எழுதுகிறவர்கள் காட்சியை அழித்துவிட்டு, காதுக்கு ஒத்துப்போகிற வேறு சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்பதை 'மண் குதிர்' என்று திருத்தி, குதிர் என்றால் மணல்திட்டு என்கிறார்கள். குதிர் என்று நாம் சொல்வது நெல் கொட்டி வைக்கும் கூட்டை, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியே அதற்குச் சாட்சி. மண்ணில் செய்த குதிரை தண்ணீரில் கரைந்துபோகும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்கம் இல்லாமலே புரியுமே.

சரி, அதையெல்லாம் விடுங்கள். எனக்குத் தாங்காதது வளைகாப்பில் நடந்ததுதான். பிள்ளை வேண்டி சஷ்டி விரதம் இருப்பவர்கள் எத்தனையோ பேர், அது அவரவர் நம்பிக்கை, அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அம்மா தன் வீட்டுச் சட்டி காலியாக இருப்பதைச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து, நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணைக் குத்திவிட்டு, அதற்குப் பெரியவர்களையும் துணைக்கு அழைக்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த அத்தை மறுபடி ஆரம்பித்தால் தங்கை வாய் திறக்கவேண்டாம். நீங்களே சொல்லுங்கள், "அத்தை, அகப்பைன்னா கரண்டி, அவளை விட்டுடுங்க" என்று. தங்கையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.