பழைய ஸ்வெட்டரை வெட்டிக் குஷன் உறை தைத்தால் ஓரம் பிரிகிறது. என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: நாகர்கோவிலில் வீடு. பீரோவில் ஐந்தாறு ஸ்வெட்டர் கிடக்கிறது. சில ஊட்டிக்குப் போக வாங்கியவை, சில வெளிநாட்டில் இருந்து வந்தவை. ஒன்றைச் சதுரமாக வெட்டி மிதி மெஷினில் தைத்தபோது விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அடித்தது. இரண்டே வாரத்தில் தையல் பக்கம் இழை ஓடிவிட்டது. எங்கே தப்பு?

வெட்டிய பிறகு தைத்ததில்தான். பின்னல் துணியை முதலில் தைக்க வேண்டும், பிறகே வெட்ட வேண்டும். வேட்டியிலும் சேலையிலும் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், வெட்டினால் ஓரத்தில் நாலு நூல் உதிர்வதோடு நின்றுவிடும். ஸ்வெட்டர் அப்படி இல்லை. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக ஓடுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் அது பிடித்திருந்த அடுத்த கண்ணி நழுவும், அப்புறம் ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். குஷன்மேல் ஆள் சாயும்போதெல்லாம் அந்த ஓரம்தான் இழுபடுகிறது.

கத்தரியைத் தொடுமுன் அது ஆட்டு ரோமக் கம்பளியா, செயற்கை இழையான அக்ரிலிக்கா என்று பாருங்கள். உள்தையலில் இருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. சுறுசுறுவென்று எரிந்து உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு. நம் ஊர்க் கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். இரண்டுக்கும் வழி வேறு வேறு, அதனால்தான் இந்த ஒரு நிமிட வேலையை விடக்கூடாது.

கம்பளி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதை வேண்டுமென்றே கெடுத்துவிடலாம். கை பொறுக்கும் அளவு வெந்நீர், சலவைக் கட்டிச் சோப்பு, அலக்குகல்லில் நல்ல தேய்ப்பு. பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முக்கு, மறுபடி வெந்நீர். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின் இருந்தால் 60 டிகிரியில் ஒரு முறை, கூடவே பழைய ஜீன்ஸ் ஒன்றைப் போட்டால் உரசல் கிடைக்கும். கம்பளி இழையின் மேல் மீன்செதில் போலச் செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் அவற்றை விரிக்க, உரசலில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். பிறகு பிரியவே பிரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாய் வெளிச்சம் தெரிந்தால் இன்னொரு சுற்று தேவை. ஒன்றும் தெரியாமல் ஜமுக்காளம் போல அடர்ந்துவிட்டால் தயார். இப்போது எங்கே வெட்டினாலும் பிரியாது, ஓரத்தை மடிக்கவும் வேண்டாம். கால் பங்கோ அதற்கு மேலோ சுருங்கிவிடும் என்பதால் அளவெடுப்பதைச் சுருங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் மெஷினில் துவைக்கலாம் என்று போட்ட கம்பளி இப்படிச் சுருங்காது, அந்தச் செதிலை ஆலையிலேயே அடக்கியிருப்பார்கள். அதை அக்ரிலிக் போலவே நடத்துங்கள்.

அக்ரிலிக்கை எத்தனை தேய்த்தாலும் இறுகாது. அதற்குப் பின்னால் ஒரு துணை வேண்டும். சட்டைக் காலருக்கு டெய்லர்கள் வைக்கும், இஸ்திரி போட்டால் ஒட்டும் பேஸ்டிங் துணியில் மிக மெல்லியதாக 18 இஞ்ச் சதுரம் வாங்குங்கள். கெட்டி ரகம் வாங்கினால் உறை அட்டை மாதிரி விறைத்து நிற்கும். ஸ்வெட்டரை உட்புறம் வெளியே வரும்படி மேசையில் இழுக்காமல் விரித்து, பேஸ்டிங்கை வைத்து, அதன்மேல் ஈரக் கைக்குட்டை போட்டு, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத் துணிக்கான சூட்டில் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் அக்ரிலிக் பொங்கலில் விழுந்த அப்பளம் மாதிரி துவண்டு பளபளத்துவிடும், அந்த உடம்பு திரும்ப வராது. முதலில் கைப்பகுதியில் ஒரு ஓரத்தில் சோதித்துவிட்டு உடம்புக்கு வாருங்கள். ஜடைப் பின்னல் போட்ட ஸ்வெட்டருக்கு இந்த முறை வேண்டாம், ஜடை நசுங்கிப்போகும். அதற்கு பேஸ்டிங் இல்லாமல் ஓரத்தைத் தைத்து அடக்குவதே மேல்.

அளவில்தான் பலருக்கும் இடிக்கிறது. 16 இஞ்ச் குஷனுக்குச் சுற்றிலும் அரை இஞ்ச் தையல் விட்டு 17 இஞ்ச் சதுரம் தேவை. 40 சைஸ் ஸ்வெட்டர் அகலத்தில் 20 இஞ்ச் இருந்தாலும், அக்குளுக்குக் கீழே, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் அடிப்பட்டை நீங்கலாகப் பெரும்பாலும் 13, 14 இஞ்ச்தான் மிஞ்சும். அக்குளுக்கு மேலே போனால் கைக்குழி வந்து அகலத்தைத் தின்றுவிடும். அடிப்பட்டையைச் சேர்த்துக்கொண்டால் அந்தப் பக்கம் மட்டும் சுருக்கிப் பிடித்து, குஷன் முக்கோணமாகத் தோன்றும். செய்தித்தாளில் 17 இஞ்ச் சதுரம் வெட்டி முதுகுப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கழுத்து இறங்காத இடம் அதுதான். பொருந்தாவிட்டால் 14 இஞ்ச் குஷன் தைப்பது, இரண்டு துண்டை ஒட்டுப்போடுவதைவிட நன்றாக நிற்கும். ஒட்டுத்தான் போடுவேன் என்றால் ஒரே தடிமன், ஒரே ரகம். கம்பளியையும் அக்ரிலிக்கையும் சேர்த்தால் முதல் சலவையில் ஒன்று இழுக்கும், மற்றது தொங்கும். பேஸ்டிங் ஒட்டாத பின்னலை 16 இஞ்சாக வெட்டுங்கள். அது இழுபட்டு 17 ஆகிவிடும்.

பேஸ்டிங் ஒட்டிய துணியில் சாக்பீஸால் சதுரம் வரையுங்கள். கோட்டுக்கு உள்ளே கால் இஞ்ச் தள்ளி ஒரு சுற்று, அதற்கும் கோட்டுக்கும் நடுவில் இன்னொரு சுற்று தையல். பிறகுதான் கோட்டின்மேல் கத்தரி. ஜிக்ஜாக் வரும் மெஷின் என்றால் ஒரு சுற்றே போதும். மிதி மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் வரும், பரவாயில்லை, நான்கு விஷயம் மாற்றிக்கொள்ளுங்கள். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி, 14 நம்பர்; கூர் ஊசி நூலைப் பிளந்து ஓட்டை போடும், தையலும் விட்டு விட்டு விழும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் இழுவையில் அறும். ஒரு இஞ்சுக்கு 7, 8 தையல் விழும்படி வையுங்கள். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்போம்; பின்னலில் அத்தனை நூலைத் திணித்தால் விளிம்பு நீண்டு அலை அடிக்கும். நீங்கள் பார்த்த கொசுவத்துக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, துணியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தம். ஃபுட் கம்பியின் தலையில் உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். துணிக்கு மேலே இரண்டு இஞ்ச் அகல பட்டர் பேப்பர் வைத்து அதோடு சேர்த்துத் தைத்தால் ஃபுட்டின் விரல்கள் கண்ணியில் மாட்டாது. தாளிலேயே கோடு வரைந்துகொள்ளலாம், தைத்ததும் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், வெளிர் நிறத்தில் மை ஏறும்.

மெஷினே இல்லாதவர்கள் குரோஷா ஊசியால் வெட்டுக்கோட்டுக்கு உட்புறமாக ஒரு வரிசை ஒற்றைப் பின்னல் போட்டு அடக்கலாம். லேஸுக்கும் குரோஷாவுக்கும் பழகிய கைகள் நம் மாவட்டத்தில் இப்போதும் உண்டு. மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் வேலை சொல்லிக்கொடுத்தது 1820-களில். அது கெட்டித் திண்டின்மேல் ஊசிகள் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. குரோஷா வேறு வித்தை. ஆனாலும் குஷன் விஷயத்தில் அந்தத் திண்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பின்பக்கத்துக்கு ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். இது ஊட்டியில்லை. வியர்த்த முதுகில் அக்ரிலிக் ஒட்டினால் அரிக்கும். முன்னால் பின்னல், பின்னால் பருத்தி என்று வைத்தால் மார்கழியில் ஒரு பக்கம், சித்திரையில் மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பழைய வேட்டி மெலிந்திருக்கும், கைலியோ காட்டன் பெட்ஷீட்டோ நல்லது. 17க்கு 11½ இஞ்சில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நீளப்பக்கத்தை ஒரு இஞ்ச் மடித்துத் தையுங்கள். இரண்டும் நடுவில் நாலு இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், தபால் உறை மாதிரி. ஜிப் தேவையில்லை. தைக்கும்போது பின்னல் கீழே, பருத்தி மேலே. நான்கு மூலையையும் நான்கு நடுப்புள்ளியையும் முதலில் குண்டூசியால் பிடித்துக்கொண்டு இடைவெளியைச் சமமாகப் பங்கிடுங்கள்.

ஜிப்தான் வேண்டும் என்றால் நைலான் ஜிப் வாங்குங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு ஜிப்பும் இரும்புப் பிரஸ் பட்டனும் வைத்தால் உப்புக்காற்றில் துரு ஏறி, அந்தத் துரு துணியில் இறங்கும். பிளாஸ்டிக் பட்டனோ சிரட்டை பட்டனோ போதும். முன்னால் பட்டன் வைத்த கார்டிகன் கிடைத்தால் அதன் பட்டன் பட்டையையே பின்பக்கத் திறப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கென்று ஒன்றும் தைக்க வேண்டாம்.

உள்ளே வைக்க இலவம் பஞ்சு, 16 இஞ்சுக்குச் சுமார் அரைக்கிலோ. அதைக் கண் நெருக்கமான காடாத் துணியில் தனி உள்ளுறையாகத் தைத்துக் கட்டுங்கள். நேராக ஸ்வெட்டருக்குள் திணித்தால் கண்ணி வழியாகப் பஞ்சு வெளியே வந்து வீடெல்லாம் பறக்கும். உள்ளுறையின் நிறத்தையும் பாருங்கள். கருநீல ஸ்வெட்டருக்குள் வெள்ளைக் காடா இருந்தால், பின்னல் இழுபடும் இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக வெள்ளை எட்டிப்பார்க்கும். மூலைகளை முதலில் நிரப்பி, நடுவைக் கடைசியில் நிரப்புங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றில்லாத இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். இலவம் பஞ்சு தீயை நொடியில் பிடிக்கும். பழைய தலையணையில் இருந்து எடுத்த பஞ்சு மஞ்சளித்து விரலில் பொடிந்தால் போட்டுவிடுங்கள், அதை நம்பி உட்கார்ந்தால் இலவு காத்த கிளி கதைதான். தென்னந்தும்பு பின்னலைக் குத்தி வெளியே வரும், இதற்கு ஆகாது. வெட்டி மிஞ்சிய ஸ்வெட்டர்த் துண்டுகளை ஒரு இஞ்சாக நறுக்கி நிரப்புவது தரையில் போடும் குஷனுக்குச் சரி, கனம் நகராமல் வைக்கும். சோபாவில் சாய அது கட்டி கட்டியாக உறுத்தும்.

மழையை மறக்காதீர்கள். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நமக்கு இரண்டு மழைக்காலம். ஆரல்வாய்மொழிக் காற்றில் சீக்கிரம் உலரும் ஸ்வெட்டர் குலசேகரம் பக்கம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஓரளவுதான் உலர்ந்தது என்று தைத்து, உள்ளே பஞ்சை வைத்தால் பூசணம் பிடிக்கும். வெயில் அடிக்கும் வாரத்தில் துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பி உலர்த்துங்கள். தொங்கினால் தண்ணீர்க் கனத்தில் ஒரு சாண் நீண்டுவிடும். பீரோ வாடை போகவில்லை என்றால் அரை வாளித் தண்ணீரில் அரைக் கப் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கம்பளியில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் பூச்சி அரித்தது, முட்டை உள்ளேயே இருக்கலாம். பாலித்தீன் கவரில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குஷனுக்குள் பாச்சா உருண்டை போடாதீர்கள், முகம் வைக்கும் இடம்.

உறையை மட்டும் கழற்றி, உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசினால் போதும். இலவம் பஞ்சை நனைக்கவே கூடாது, மாதம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள்.

கைகள் இரண்டும் மிஞ்சியிருக்குமே, அவற்றை எறியாதீர்கள். தோள்பக்கத்தில் இருந்து 12 இஞ்ச் நீளம் எடுத்தால் கழுத்துக்கு வைக்கும் சின்ன உருளைத் திண்டு கிடைக்கும். சுற்றளவு 15 இஞ்ச் என்றால் இரு முனைக்கும் ஏறத்தாழ 5 இஞ்ச் விட்டத்தில் வட்டம் வெட்ட வேண்டும், தையலுக்கு ஒரு இஞ்ச் சேர்த்து 6. வட்டத்தைத் தைக்க வரவில்லை என்றால் முனைகளில் நாடா கோத்துச் சுருக்கிக் கட்டிவிடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் குறுகிக்கொண்டே போகும், அதைச் சேர்த்தால் திண்டு கேரட் மாதிரி ஆகிவிடும்.