வெள்ளவத்தை பிளாட்டில 10 அடி அகலக் குசினிக்கு நடுவில 3 அடி அகல ஐலண்ட் (தனியா நிக்கிற கவுண்டர்) சரிவருமா? பிளான்படி பாத்தா பிரிட்ஜ் கதவு இடிக்குது.

3 அடி அகலம் வேண்டாம், 2 அடியோட நிப்பாட்டுங்கோ. சுவரோட இருக்கிற கவுண்டர் 2 அடி போனா மிச்சம் 8, அதில 3 அடி ஐலண்ட் வச்சா ரெண்டு பக்கமும் ரெண்டரை அடிதான், பிரிட்ஜ் கதவு இடிக்குது எண்டு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும், பிளான்ல கதவு திறக்கிற இடத்தைக் கணக்கெடுக்கேல்ல.

மாஸ்கிங் டேப்பால நிலத்தில அளவை ஒட்டிப்போட்டு பிரிட்ஜ், ஓவன் எல்லாத்தையும் திறந்து பாருங்கோ, ஒராள் சமைக்கேக்க மற்றாள் சோத்துப்பானையோட பின்னால போகேலுமா எண்டதும் முக்கியம். மேல்பலகை விளிம்பு ஒரு பக்கம் 2 இஞ்சியாவது வெளிய நிக்கட்டும், இல்லாட்டி தேங்காய் துருவியை அதில பூட்டேலாது.

ஆனா வெள்ளவத்தை பிளாட் எண்டபடியா சிங்க்கை மட்டும் நடுவுக்குக் கொண்டுபோகாதேங்கோ, கழிவுத்தண்ணிப் பைப்புக்குச் சரிவு கிடைக்கிறது கஷ்டம், மனேஜ்மென்டைக் கேக்காம கொங்கிரீட் சிலாப்பில ஓட்டையும் போடவேண்டாம்.