படம் இல்லாத 1993 மூட்டோன் ரோத்ஷில்ட் போலியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற மேலதிகாரி 1993ஆம் ஆண்டின் ஷாட்டோ மூட்டோன் ரோத்ஷில்ட் ஒயின் பாட்டில் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். லேபிளில் ஓவியம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பழைய ஒயின் வாங்கி விற்கும் தரகர் ஒருவர், அது போலி என்றும் 50 டாலருக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஓவியம் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த பாட்டிலைப் போலி என்று சொல்ல முடியாது. போலி என்று உண்மையிலேயே நம்புகிறவர் அதற்கு 50 டாலர் தர முன்வருவாரா?

பிரான்சின் போர்தோ பகுதியில், போயாக் ஊரில் இந்த ஒயினைத் தயாரிக்கும் திராட்சைத் தோட்டத்தை 1853இல் நத்தானியேல் டி ரோத்ஷில்ட் வாங்கினார். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் விலையை அளவுகோலாக வைத்துத் தயாரித்த தரவரிசை, மூட்டோனை இரண்டாம் தரத்தில் நிறுத்தியது. அந்தப் பிழையைத் திருத்த 118 ஆண்டுகள் பிடித்தன. 1922இல் பொறுப்பேற்ற பிலிப் டி ரோத்ஷில்ட் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1973இல் வேளாண் அமைச்சராக இருந்த ஜாக் சிராக் கையெழுத்திட்டபோதுதான் முதல் தரம் கிடைத்தது. கூழாங்கல் நிலமும் அதில் வேரோடிய கபெர்னே சோவிந்யோன் வகைத் திராட்சைக் கொடிகளும் அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தன. வணிகர்கள் பீப்பாயில் வாங்கிச் சென்று தாங்களே பாட்டிலில் அடைக்கும் வழக்கத்தை விட்டு, 1924இல் முழு அறுவடையையும் தோட்டத்திலேயே அடைக்கத் தொடங்கியவரும் பிலிப்தான்.

1945 முதல் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரின் படைப்பு லேபிளை அலங்கரிக்கிறது. 1993க்கு பால்துஸ் வரைந்தது ஆடையற்ற ஓர் இளம்பெண்ணின் பென்சில் சித்திரம். அமெரிக்க அதிகாரிகள் முதலில் அனுமதித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தோட்டத்தாரே அந்த லேபிளை அங்கே திரும்பப் பெற்று, வேறு படம் எதையும் வைக்காமல் அந்த இடத்தை வெளிர்மஞ்சள் தாளாகவே விட்டுவிட்டார்கள். ஆகவே படம் உள்ளதும் அசல், படம் இல்லாததும் அசல். சேகரிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே தேடுகிறார்கள். உங்களுடையது அச்சுப் பிழையும் அல்ல, மங்கிப்போனதும் அல்ல. பூதக்கண்ணாடியால் அந்த வெற்றிடத்தைப் பாருங்கள்: தாள் வழவழப்பாக, சுரண்டிய தடமே இல்லாமல் இருக்க வேண்டும். நார் எழும்பியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். மூட்டோன் காதே என்பது 1930இல் தொடங்கிய, பெருமளவில் விற்பனையாகும் மலிவான ஒயின். ரோத்ஷில்ட் என்ற பெயர் அதிலும் இருக்கும். பெயரை மட்டும் படித்துப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

விற்பதென்றால், உரிமம் பெற்ற ஏல நிறுவனத்துக்கு லேபிள், கழுத்துப் பகுதி, பாட்டிலுக்குள் ஒயின் நிற்கும் உயரம் ஆகியவை தெளிவாகத் தெரியும் படங்களை அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். கமிஷன் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் மது விற்பதற்கான சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அன்பளிப்பாக வந்த ஒரே ஒரு பாட்டிலை நேர்மையாக விற்க நினைப்பவரை இத்தனை குழப்பத்தில் தள்ளும் சட்டம்தான் தரகர்களை வளர்க்கிறது.

குடிப்பதென்றால் தள்ளிப்போடாதீர்கள். பிளாக்கரன்ட் என்ற சிறு கறும்பழத்தின் மணமும் தேவதாரு மரத்தின் வாசமும் வறுத்த காப்பியின் சாயலும் கொண்ட கனமான ஒயின் இது. 1993 அறுவடையில் மழை பெய்ததால் அந்த ஆண்டு ஒயினில் அந்தக் கனம் சற்றுக் குறைவு. குடிப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலைப் படியவிடுங்கள். கார்க்கில் ஆண்டும் தோட்டத்தின் பெயரும் பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு காலி பாட்டிலை யாருக்கும் கொடுக்காமல், லேபிளைக் கிழித்துவிட்டு உடைத்துப் போடுங்கள். 2013இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்ட ரூடி குர்னியாவான், அசல் காலி பாட்டில்களைச் சேகரித்து அவற்றில்தான் கலப்பு ஒயினை நிரப்பி விற்றார்.