நடந்ததையெல்லாம் சொல்லவைத்தால் மாமிக்குச் சுகமாகிவிடுமா?

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிய உங்கள் மாமி கோயில் வெடிச் சத்தத்துக்கும் நடுங்குகிறார், இரவில் நித்திரை கொள்வதில்லை, நடந்ததையெல்லாம் ஒருமுறை சொல்லி அழவைத்தால் பாரம் இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம். நான் அந்தப் பிழையைச் செய்தவள்.

2006 ஏப்ரலில் போரினால் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில்களில் இருந்த காலத்தில், நான் அங்கே தொண்டராகப் போய்வந்தேன். ஓர் அக்கா ஒவ்வொரு இரவும் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் இருந்த பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். உதவுகிறேன் என்ற எண்ணத்தில் அவரிடம் துருவித் துருவிக் கேட்டேன். சொல்லி முடித்தபோது அவருடைய கைகள் சில்லிட்டிருந்தன; அதன்பின் மூன்று நாட்கள் கொட்டிலைவிட்டு அவர் வெளியே வரவேயில்லை.

மனவடு உள்ளவருக்கு அந்த நினைவு பழைய கதையாக இருப்பதில்லை. ஆபத்து இப்போதே நடப்பதாக உடம்பு எண்ணி, நெஞ்சு படபடத்து, ஓட ஆயத்தமாகிறது. அந்த நினைவைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது; ஆனால் அதைப் பயிற்சி பெற்றவர், பாதிக்கப்பட்டவருடைய சம்மதத்தோடு, படிப்படியாகச் செய்யவேண்டும். வீட்டார் செய்யக்கூடியது வேறு. திருவிழா நாளில் வெடி கொளுத்தப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். திடுக்கிட்டு எழும்பினால் விளக்கைப் போட்டு, அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, இது எந்த இடம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுக்கலாம். அவராகப் பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேளுங்கள், நிறுத்தினால் விட்டுவிடுங்கள்.

அந்த அக்காவுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தந்தது, முகாம் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் பொறுப்புத்தான். அகதி வாழ்க்கையில் எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்தார்கள். இன்றைக்கு என்ன சமைப்பது என்பதையாவது உங்கள் மாமி தீர்மானிக்கட்டும். அடையாள அட்டை, காணிப் பத்திரம் போன்ற அலுவல்கள் தீராமல் கிடந்தால், கிராம உத்தியோகத்தரிடம் நீங்களும் கூடச் செல்லுங்கள். அந்தக் கவலை இருக்கும்வரை நித்திரை வருவது கடினம்.

இந்தக் குணங்குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குழப்பினால் உளநல வைத்தியரிடம் காட்டவேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். உயிரை விடுவது பற்றி அவர் ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.