செடிகள் இலைத்துளைகளை எப்படித் திறந்து மூடுகின்றன?

இலைத்துளை என்பது கரியமில வாயு உள்ளே வரவும் நீராவி வெளியேறவும் இலையில் உள்ள நுண்ணிய வாசல். அதன் இருபுறமும் காப்புச் செல்கள் உள்ளன. காலை வெளிச்சம் பட்டதும் அவற்றுக்குள் பொட்டாசியம் புகும். பின்னாலேயே தண்ணீரும் வரும். துளையை ஒட்டிய சுவர் தடிப்பானது என்பதால், உப்பிய செல்கள் வெளிப்புறம் வளைந்து வழிவிடுகின்றன. நரம்போ தசையோ இல்லாமல், வெறும் நீரழுத்தத்தாலேயே இது நடப்பதுதான் பெரும் வியப்பு!

மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். பொட்டாசியமும் நீரும் வெளியேற, செல்கள் தளர்ந்து துளை மூடும். செட்டிநாட்டு வீடுகளில் காற்றுக்காகத் திறந்த இரட்டைக் கதவுச் சன்னலை, உள்ளே குளுமை நிற்கச் சாத்துவது போல.

வெயில் பட்டாலே துளை மூடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான செடிகளில் வெளிச்சம் திறக்கவே தூண்டுகிறது, மூட வைப்பது நீர்ப்பற்றாக்குறை.