விவாகரத்து ஆன பிறகு கூட்டு வீட்டுக் கடன் யார் பொறுப்பு?

"வீட்டுக் கடனை இனி அவரே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்குப் பொறுப்பு இல்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாக, பொறுப்பு இருக்கிறது. தீர்ப்பு உங்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும். கடன் ஒப்பந்தம் வங்கியோடு போட்டது. அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே இல்லை. அவர் தவணை கட்டாவிட்டால் முழு பாக்கியையும் வங்கி உங்களிடமே கேட்கலாம். கட்டிய பணத்தைத் தீர்ப்பைக் காட்டி அவரிடம் வசூலிக்க வழி உண்டுதான், ஆனால் அதற்கு மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: பத்திரத்திலிருந்து பெயரை எடுத்தாலும் கடனிலிருந்து பெயர் போகாது. வீடு கைவிட்டுப் போய், கடன் மட்டும் மிஞ்சும். அதனால் அவர் தன் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கட்டும், அல்லது உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரட்டும். அதுவரை தயவுசெய்து உங்கள் பங்கை எழுதிக் கொடுக்காதீர்கள்.